சாவோ வூ-கி ஒரு பாலம் அல்ல

ஓர் ஓவியரைச் சரியாகப் பார்க்காமலேயே பாராட்டி அனுப்பிவிட ஒரே ஒரு சொல் போதும். சாவோ வூ-கி விஷயத்தில் அந்தச் சொல் ‘பாலம்’. கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாலம். கண்காட்சிக் கையேட்டைத் திறந்தாலும் இது, ஏலக் குறிப்பைத் திறந்தாலும் இது, அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு வாக்கியம் சேர்ப்பார்கள்: சீனக் காலிகிராஃபியையும் மேற்கத்திய நவீன ஓவியத்தையும் அழகாகக் கலந்தவர். காபித்தூள் கடையில் எண்பதுக்கு இருபது சிக்கரி போடச் சொல்வது மாதிரி. அரைத்துக் கலந்தாயிற்று, மணம் வருகிறது, கிளம்பலாம்.

இந்த வாக்கியம் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் அது பொய் என்பது மட்டுமில்லை. இதைச் சொல்வதற்கு ஓவியத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஓவியரின் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் போதும். பெய்ஜிங்கில் பிறந்தார், பாரீஸில் வாழ்ந்தார், ஆகவே பாலம். நடுவில் அறுபது வருடங்களுக்கு மேல் ஒரு மனிதர் கேன்வாஸ் முன்னால் நின்று என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி அப்படியே காணாமல் போய்விடுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

*

முதலில் வாழ்க்கை விவரம், சுருக்கமாக. 1920-ல் பெய்ஜிங்கில் பிறந்தார். அப்பா வங்கியாளர். தாத்தாதான் தூரிகை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர். 1935-ல் ஹாங்ஜோ நகரின் கலைப் பள்ளியில் சேர்ந்தார், பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1948-ல் மனைவி லாலானுடன் பாரீஸுக்குக் கப்பலேறினார். இரண்டு வருடம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். திரும்பிப் போய் வாழவே இல்லை. 1964-ல் பிரெஞ்சுக் குடியுரிமை. 2013-ல் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் இறந்தார்.

இதைப் படித்ததும் மனதில் ஒரு கதை தானாக எழுந்துவிடும். ஒரு சீன இளைஞன், கையில் தூய சீன மரபு. பாரீஸ் போகிறான், அங்கே தூய மேற்கத்திய நவீனம். இரண்டையும் சேர்க்கிறான். இந்தக் கதையில் ‘தூய’ என்று வரும் இரண்டு இடங்களுமே தப்பு.

ஹாங்ஜோ பள்ளியை எடுத்துக்கொள்வோம். 1928-ல் கல்வியாளர் சாய் யுவான்பெயின் முயற்சியில் தொடங்கப்பட்டது. முதல்வராக வந்த லின் ஃபெங்மியான் பிரான்ஸில், திஜோனிலும் பாரீஸிலும் படித்துவிட்டு வந்தவர். அந்தப் பள்ளி தனக்கென்று வகுத்துக்கொண்ட குறிக்கோள்களில் ஒன்றே சீனக் கலையையும் மேற்கத்தியக் கலையையும் இசைவிப்பது. அதாவது நாம் இன்று சாவோவின் தனிப்பெரும் சாதனை என்று சொல்கிற அந்தக் ‘கலவை’, அவர் பள்ளியில் காலடி வைப்பதற்கு முன்பே பாடத்திட்டத்தில் இருந்தது.

அந்த மாணவர் என்ன செய்தார்? மரபான மை ஓவிய வகுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பார்த்து ஏங்கியது தபால் அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் அச்சாகி வந்த செசான், மத்தீஸ், பிக்காசோவை. சீன இயற்கையைப் பார்ப்பதற்குத் தனக்குக் கற்றுத்தந்தவர் செசான் என்ற பொருளில் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த வாக்கியத்தைப் பாலத்தின் எந்தக் கரையில் வைப்பீர்கள்?

மறுகரையும் அப்படித்தான். 1951-ல் சுவிட்சர்லாந்தில் சாவோ பால் க்ளேயின் படங்களைப் பார்த்து அசந்து போகிறார். அதன் பிறகு சில வருடங்கள் அவருடைய படங்களில் க்ளேயின் நிழல் நன்றாகவே விழுந்து கிடக்கிறது. மெல்லிய கோடுகள், சின்னச் சின்னக் குறிகள், மிதக்கும் ஊர்கள். சரி, இதுதான் மேற்கின் தாக்கம் என்று எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அந்த க்ளே 1916-ல் சீனக் கவிதைகளை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, கவிதை வரிகளின் எழுத்துகளையே கட்டம் கட்டி வண்ணம் தீட்டி ஓவியமாக்கியவர். சீனாவிலிருந்து வந்தவர் தன் எழுத்தின் பக்கம் திரும்புவதற்கு வழிகாட்டியவர், சீனக் கவிதையை மொழிபெயர்ப்பில் படித்த ஒரு ஓவியர்.

பாலம் என்றால் இரண்டு பக்கமும் கெட்டியான கரை வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் ஏற்கெனவே தண்ணீர்.

*

அடுத்து ‘காலிகிராஃபி’ என்ற சொல். சாவோவைப் பற்றிய எழுத்துகளில் இது அத்தனை சுலபமாகப் புழங்குகிறது. வேகமாக ஒரு கறுப்புக் கோடு போனால் உடனே காலிகிராஃபி.

சீனத்தில் இதற்கு ஷூஃபா என்று பெயர். எழுதும் நெறி என்று சொல்லலாம். அதில் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒன்று, அது எழுத்து. தாங் காலத்து ஜாங் ஷூவும் ஹுவாய்சூவும் பித்துப் பிடித்த மாதிரி எழுதினார்கள், ‘பித்து எழுத்து’ என்றே அந்தப் பாணிக்குப் பெயர். பழகாத கண்ணுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு சுழிப்புக்குள்ளும் ஒரு சொல் இருக்கிறது. அர்த்தத்தை முறுக்கு முறுக்கு என்று முறுக்குவார்கள், அறுக்க மாட்டார்கள். இரண்டாவது, திருத்த முடியாது. மை உறிஞ்சும் தாளில் தூரிகை பட்ட கணமே முடிந்தது கதை. எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து என்பதும் விதி. அதனால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து, எழுதிய கை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது என்று வரிசையாகப் பின்தொடர முடிகிறது.

இப்போது சாவோவின் படங்களுக்கு வாருங்கள். 1954-ல் வரைந்த ‘காற்று’ அவருடைய முதல் அரூப ஓவியமாகச் சொல்லப்படுவது. அங்கிருந்து நாலைந்து வருடங்கள் அவர் கேன்வாஸ்களில் எழுத்து மாதிரி ஏதோ மிதக்கிறது. எதையும் படிக்க முடியாது. சீனம் தெரிந்தவராலும் முடியாது. ஏனென்றால் அவை எழுத்துகளே இல்லை. அவை நினைவூட்டுவது ஷாங் காலத்து எலும்பு எழுத்தை. மூவாயிரம் வருடங்களுக்கு முன்னால் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்பதற்காகப் பொறித்தவை. 1899 வாக்கில்தான் நவீன அறிஞர்கள் அவற்றை எழுத்து என்று அடையாளம் கண்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அவை பெரும்பாலும் கத்தியால் கீறப்பட்டவை. தூரிகை எழுத்தின் வாரிசு என்று நாம் கொண்டாடும் ஓவியர், தன் எழுத்துக் கட்டத்தில் தேடிப் போனது தூரிகையின் புகழ்பெற்ற வளைவுகளை அல்ல. தாத்தா கற்றுக்கொடுத்ததைத் தாண்டி, எவருடைய கைக்கும் பழக்கமில்லாத கீறலுக்குப் போனார். மரபைக் கொண்டுவந்து கலக்கிறவர் செய்கிற காரியம் இல்லை இது.

கொஞ்ச வருடத்தில் அந்தக் குறிகளையும் விட்டுவிட்டார். 1958, 59-க்குப் பிறகு குறிகள் கரைந்து, படம் முழுக்க ஒரே வீச்சாக மாறுகிறது. ஷூஃபாவின் முதல் நிபந்தனை இங்கே ஒரேயடியாகப் போயிற்று. சொல் இல்லை.

இரண்டாவது நிபந்தனை? அவர் கையில் இருந்தது ஆயில் பெயிண்ட். மெதுவாகக் காயும். சுரண்டலாம், துடைக்கலாம், மேலே பூசலாம். சாவோ ஒரு படத்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்து வேலை செய்தவர். மையும் தாளும் கோருவது ஒரே மூச்சு. எண்ணெய் வண்ணம் தருவது எத்தனை மூச்சு வேண்டுமானாலும். இரண்டுக்கும் காலம் என்பதே வேறு. இதில் எதை எதோடு கலப்பது? அவர் செய்தது இன்னும் விசித்திரமான காரியம். திருத்தித் திருத்தி, அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் பார்ப்பவருக்கு ஒரே மூச்சில் நடந்தது போலத் தோன்றும் ஒரு பரப்பை உண்டாக்கினார். அந்த மூச்சு கட்டி எழுப்பப்பட்ட மூச்சு.

அது சாதனையா, ஜாலமா? எனக்கு இதுதான் சாவோவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நல்ல படங்களில் சாதனை, சுமாரான படங்களில் ஜாலம் என்பது என் பதில். நீங்கள் வேறு பதில் சொல்லலாம், சண்டை போடலாம். ஆனால் ‘அழகாகக் கலந்தார்’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

*

சரி, அவர் ஏன் நேராக மையை எடுக்கவில்லை? கையில் இருந்த வித்தைதானே.

பாரீஸ் வந்த பிறகு நீண்ட காலம் சாவோ சீன மையைத் தொடத் தயங்கினார். ‘சீனச் சரக்கு’ என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் சீனப் பாணி அலங்காரத்துக்கு என்று ஓர் அலமாரி உண்டு. பீங்கான், பட்டு, மூங்கில் படம். அந்த அலமாரிக்குள் போய் உட்கார அவர் தயாராக இல்லை.

இதே காலத்தில் அவருடைய நெருங்கிய நண்பர் ஆன்றி மிஷோ என்ன செய்துகொண்டிருந்தார் பாருங்கள். பெல்ஜியத்தில் பிறந்த கவிஞர். 1930-களின் தொடக்கத்தில் ஆசியா சுற்றி வந்தவர். தாள் தாளாக மையைத் தெளித்து, எழுத்து மாதிரியான குறிகளை ஓடவிட்டு, அதற்காகவே ஓவியர் என்றும் பெயர் வாங்கியவர். சாவோவின் லித்தோகிராஃப்களைப் பார்த்து 1950-ல் கவிதைகள் எழுதி, பாரீஸில் அவரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மையை எடுத்து விளையாடும் சுதந்திரம் பெல்ஜியக்காரருக்கு இருந்தது. சீனாவில் பிறந்தவருக்கு இல்லை. மிஷோ மையைத் தொட்டால் அது தேடல், சாவோ தொட்டால் அது பூர்வீகம்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இது இன்னும் அப்பட்டம். ஃபிரான்ஸ் க்ளைனின் வெள்ளைப் பரப்பில் பாயும் பெரிய கறுப்புப் பட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியக் காலிகிராஃபிக்காரர்கள் 1951-ல் ‘போகுபி’ என்ற இதழைத் தொடங்கியபோது முதல் இதழிலேயே அவரைத்தான் எடுத்துப் பேசினார்கள். க்ளைனோ தன்னுடையது காலிகிராஃபி இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார். கறுப்பைப் போலவே வெள்ளையையும் தான் தீட்டுவதாகச் சொன்னார். விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் 1955-ல் எழுதிய கட்டுரையில், இந்த அமெரிக்க ஓவியர்களுக்குக் கிழக்கத்தியக் கலைமேல் பெரிய அக்கறை எதுவும் கிடையாது, க்ளைனுக்குத் துளியும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். வாதம் முடிந்தது. க்ளைன் ஓவியர் ஆனார், வெறும் ஓவியர், முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல்.

சாவோ 1957-ல் அமெரிக்கா போனார். க்ளைன் உட்பட அங்குள்ள பலரைச் சந்தித்தார். அவர்களைப் போலவே பெரிய கேன்வாஸ், பெரிய வீச்சு என்று நகர்ந்தார். அவர் சொன்ன மறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை. கறுப்புக் கோடு போட்ட அமெரிக்கருக்குக் கிழக்கோடு சம்பந்தமில்லை என்று நிரூபிக்க ஒரு பெரிய விமர்சகர் மெனக்கெடுகிறார். சிவப்பும் நீலமும் பூசிய சாவோவிடம் காலிகிராஃபியைக் கண்டுபிடிக்க எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். ‘பாலம்’ என்கிற பட்டத்தை க்ளைனுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர் வாங்கியிருக்கவும் மாட்டார்.

ஆக, இது வெறும் சோம்பேறித்தனமான பாராட்டு இல்லை. யாருக்குப் பூர்வீகம் உண்டு, யாருக்குக் கிடையாது என்று பிரித்து வைக்கும் வேலை.

*

இந்தப் பிரிப்பின் விலையைப் பாரீஸில் மட்டும் தேடக்கூடாது. சீனாவில் தங்கியவர்களுக்கு வேறு கணக்கு.

சாவோவின் ஆசிரியர் லின் ஃபெங்மியான் சீனாவிலேயே இருந்துவிட்டார். கலாச்சாரப் புரட்சி வந்தபோது தன் ஓவியங்களைத் தானே நீரில் ஊறவைத்து, கூழாக்கி, கழிப்பறையில் கொட்டி அழித்தார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை, நான்கு வருடங்களுக்கு மேல் சிறை. மேற்கைக் கலந்தார் என்பது அங்கே குற்றப்பத்திரிகை. அதே ஹாங்ஜோவின் மாணவர் வூ குவான்ஜோங் பாரீஸில் படித்துவிட்டு 1950-ல் நாடு திரும்பினார். கலாச்சாரப் புரட்சியின்போது கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். சில வருடங்கள் வரையவே முடியவில்லை. அனுமதி கிடைத்த பிறகு எரு அள்ளும் கூடையை ஈசலாகக் கவிழ்த்து வைத்து வரைந்தார்.

இந்த வூ குவான்ஜோங்தான் 1990-களின் தொடக்கத்தில் ஒரு குண்டைப் போட்டார். தூரிகையும் மையும் சமம் பூஜ்யம் என்றார். மரபுவாதிகள் கொதித்துப் போனார்கள். பல வருடம் ஓடிய சண்டை அது. அவர் சொல்ல வந்தது மரபு வீண் என்பதல்ல. ஒரு குறிப்பிட்ட படத்திலிருந்து, அந்தப் படத்தின் தேவையிலிருந்து கழற்றி எடுத்த தூரிகை வித்தைக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை என்றார். சேற்றுக்குத் தனியாக என்ன மதிப்பு? பானையானால்தானே.

சாவோவைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஒற்றைக் கருத்து இதுதான். ‘சீனக் காலிகிராஃபி’ என்று ஜாடியில் அடைத்து வைத்த பொருள் எதுவும் கிடையாது, இரண்டு கரண்டி எடுத்துப் போடுவதற்கு. இருப்பதெல்லாம் இந்தப் படத்தில் இந்தக் கோடு என்ன செய்கிறது என்பது மட்டும்.

*

எதிர்த்தரப்பிலும் பலமான வாதம் உண்டு. சாவோவே சொன்னாரே, பாரீஸ்தான் தன்னைச் சீனத்திடம் திருப்பி அனுப்பியது என்று? சொன்னார். தன் வேர்களை மெல்ல மெல்லத் திரும்பக் கண்டதாகவும், அதற்குப் பாரீஸுக்கே கடன்பட்டிருப்பதாகவும் சொன்னார். அவருடைய கையொப்பத்தையும் காட்டலாம். ‘வூ-கி’ என்பது சீன எழுத்தில், ‘சாவோ’ என்பது ரோமன் எழுத்தில். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தக் கையொப்பத்தை நன்றாகப் பாருங்கள். அதில் எதுவும் கலக்கவில்லை. இரண்டு எழுத்துமுறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தெரிந்தவருக்கு இன்னொன்று தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. திரும்பக் கண்டேன் என்று அவர் சொன்னதும் அப்படித்தான். என் சமையலில் அம்மாவின் கை இருக்கிறது என்று ஒருவர் சொல்வது வேறு, கடை வாசலில் ‘அம்மா கைப்பக்குவம்’ என்று பலகை மாட்டுவது வேறு. முன்னதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பலகை மாட்டியது நாம்.

திரும்பக் கண்டது எப்போது, எப்படி என்பதும் முக்கியம். இரண்டாவது மனைவி மே நீண்ட நாள் மனநோயால் துன்பப்பட்டு 1972-ல் இறந்தார். அந்த மோசமான வருடங்களில் எண்ணெய் வண்ணத்தில் வேலை ஓடவில்லை. மிஷோ தூண்டியதால் 1971 வாக்கில் மையை எடுத்தார். பாலம் கட்டுவதற்காக எடுக்கவில்லை, வேறு எதற்கும் தெம்பில்லாததால் எடுத்தார். ஊரைவிட்டு வந்து இருபத்துநான்கு வருடம் கழித்து, மே இறந்த அதே 1972-ல்தான் மறுபடி சீனாவுக்கும் போனார். மேயின் நினைவாக அந்த வருடம் அவர் வரைந்த, ஐந்து மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்ட எண்ணெய் ஓவியம் இன்று பாரீஸின் பொம்பிது மையத்தில் இருக்கிறது. அந்தப் படத்தின் முன் நின்று கிழக்கு எவ்வளவு, மேற்கு எவ்வளவு என்று கேட்பது துக்க வீட்டில் போய் சாதி விசாரிப்பது மாதிரி.

*

கடைசியாகப் பணம். 1985-ல், கட்டிடக் கலைஞர் ஐ.எம். பே கேட்டுக்கொண்டதற்காக, சிங்கப்பூரில் அவர் வடிவமைத்த ராஃபிள்ஸ் சிட்டி வளாகத்துக்கென்று சாவோ ஒரு படம் வரைந்தார். மூன்று பகுதிகள், மொத்தம் பத்து மீட்டர் அகலம். 2018-ல் ஹாங்காங் ஏலத்தில் அது 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. அமெரிக்கக் கணக்கில் சுமார் 6.5 கோடி டாலர். இந்தச் சந்தையில் ‘பாலம்’ என்ற சொல்லுக்கு ரொக்க மதிப்பு உண்டு. இரண்டு கண்டத்துப் பணக்காரர்களும் ‘இது நம்ம ஆள்’ என்று கை தூக்கலாம் இல்லையா.

எனக்கு அந்த விலையின்மேல் பொறாமை இல்லை. ஆனால் எண்பதுகளுக்குப் பிறகு அவர் வரைந்த பெரிய படங்களில் சில வெறும் அழகாக மட்டும் இருக்கின்றன என்று யாராவது சொல்ல வேண்டும். நடுவில் ஒளி, ஓரத்தில் மூட்டம், அங்கங்கே கொஞ்சம் தெறிப்பு. பெரிய ஹோட்டல் வரவேற்பறைக்கு ஏற்ற அமைதி. அறுபதுகளின் படங்களில் கறுப்பும் பழுப்பும் நடுவில் மோதிக்கொண்டு, பரப்பு கிழிந்துவிடுமோ என்ற பதற்றம் இருந்தது. அது இங்கே இல்லை. அதே நேரம், எழுபத்தோரு வயதில் 1991-ல் மொனேவுக்கு அஞ்சலியாக வரைந்த முப்பகுதி ஓவியத்தில் அவர் மறுபடி உயிரோடு இருக்கிறார். நல்லது எது, தேய்ந்தது எது என்று இப்படிப் பிரித்துப் பேசுவதுதான் ஓர் ஓவியருக்குக் காட்டும் மரியாதை. பாலத்திடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பாலம் தாங்குகிறதா, அது போதும்.

இளம் வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை திரையில் சாவோ வூ-கியின் படம் ஒன்று வந்து நிற்கும்போது, கீழே இருக்கும் விளக்கத்தைக் கொஞ்ச நேரம் படிக்காதீர்கள். எந்தக் கோடு கடைசியாக வந்திருக்கும் என்று தேடிப் பாருங்கள். எதற்கு மேல் எது பூசப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் கை நின்றுவிட்டது, அந்த வெற்றிடம் மிச்சம் விழுந்ததா அல்லது உழைத்து உண்டாக்கியதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

1959-லிருந்து அவர் பெரும்பாலான படங்களுக்குப் பெயர் வைப்பதையே நிறுத்திவிட்டார். முடித்த தேதியை மட்டும் எழுதினார். நாள், மாதம், வருடம். வேறு ஒன்றும் சொல்ல விரும்பாத ஒருவர் விட்டுவைத்த வெற்றிடம் அது. அதில் ‘கிழக்கு–மேற்கு’ என்று எழுதி நிரப்பும் வேலையை நாமாவது நிறுத்தலாம்.